ஏங்கெல்ஸின் வரிசையை மாற்றியவர்கள்

2014இல் சிரியாவின் கொபானி நகரை ஐ.எஸ். அமைப்பு முற்றுகையிட்டபோது, அதை எதிர்த்து நின்ற குர்து பெண் போராளிகளின் படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. துப்பாக்கி, பின்னல், சிரிப்பு. அதன் பின்னால் இருந்த அரசியலைப் பற்றிப் பேச்சே இல்லை என்பதில் எனக்கு இன்றும் ஆற்றாமைதான்.

அந்த அரசியலின் வேர் துருக்கியில் பிறந்த குர்திஸ்தான் தொழிலாளர் கட்சியில் இருக்கிறது. அது 1978 நவம்பரில், தென்கிழக்குத் துருக்கியின் தியார்பகிர் பக்கம் ஃபிஸ் என்ற கிராமத்தில் தொடங்கியபோது அச்சு அசலான மார்க்சிய-லெனினியக் கட்சி. பெண் விடுதலையா, சரி, முதலில் புரட்சி வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்பதுதான் அந்தக் காலத்து இடதுசாரிகள் பலரின் மனநிலை. இதற்கு ஆதாரமாக மார்க்சின் தோழர் ஏங்கெல்ஸைக் காட்டுவார்கள். தனிச்சொத்து வந்தது, அதை யார் பிள்ளைக்குக் கொடுப்பது என்ற கேள்வி வந்தது, தாய்வழி உரிமை கவிழ்ந்தது, பெண்ணினம் உலக அளவில் தோற்றது அப்போதுதான் என்று 1884இல் அவர் எழுதினார்.

கட்சியின் தலைவர் அப்துல்லா ஓஜலான் இந்தக் கதையை எடுத்துக்கொண்டு வரிசையை மாற்றினார். முதலில் அடக்கப்பட்டவள் பெண், அவளை அடக்கிப் பழகிய பிறகுதான் வர்க்கமும் அரசும் எழுந்தன என்கிறார். 1999இல் பிடிபட்டு இம்ராலித் தீவுச் சிறைக்குப் போனபின் தனி நாடு என்ற இலக்கையே கைவிட்டார், அதனால் மார்க்சியத்தையும் விட்டுவிட்டார் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெண்களைப் பற்றி அவர் எழுதியதில் ஏங்கெல்ஸின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது, பலவீனம் உட்பட: ஆதித் தாய்வழிச் சமூகம் ஒன்று எங்கும் இருந்தது என்பதைத் தொல்லியல் இன்னும் உறுதி செய்யவில்லை.

ஆனால் எல்லாப் பெருமையையும் ஓஜலானுக்கே கொடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை. கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான சகினே ஜான்சிஸ் என்ற பெண், துருக்கியின் 1980 ராணுவப் புரட்சிக்குப் பிறகு தியார்பகிர் சிறையில் சித்திரவதைப்பட்டவர், 2013 ஜனவரியில் பாரிஸில் சுட்டுக் கொல்லப்பட்டார். கட்சியின் கெரில்லாக்கள் தங்கியிருந்த மலைகளில் பெண்கள் தங்களுக்கென்று தனிப் படையும் தனி அமைப்பும் கட்டியது, ஆண் தோழர்களோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டித்தான்.

வரிசை மாறியதால் வேலையும் மாறியது. சிரியாவின் வடகிழக்கில், ஓஜலானின் வழியைப் பின்பற்றிய குர்துகள் தன்னாட்சி நடத்திய ரோஜாவாவில், மன்றங்களுக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இணைத் தலைவர்களாக இருந்தார்கள். 'மாலா ஜின்' என்ற பெண்கள் இல்லங்கள் எழுந்தன. புருஷன் அடிக்கிறான் என்று ஒருத்தி வந்து நின்றால், அக்கம்பக்கத்துப் பெண்கள் உட்கார்ந்து கேட்டார்கள், அவனையும் கூப்பிட்டு விசாரித்தார்கள், தீராவிட்டால் வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. போர் நடந்துகொண்டிருந்த வருடங்களிலும் அந்தக் கதவுகள் திறந்திருந்தன.