லேஸ் காலர் பின்னுகிறேன்: இதுவரை வந்த தூரம்

காலரின் ஒரு பக்க லேஸ் முடிந்து, மூலையும் திரும்பிவிட்டது. இப்போது இரண்டாவது பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறது. பாபின் லேஸில், அதாவது பாபின் என்ற சிறு மரக் குச்சிகளில் சுற்றிய நூல்களைத் தலையணைமேல் ஊசி குத்திப் பின்னும் லேஸில், மூலை திருப்புவது கடினம் என்று பலர் சொல்லிக் கேட்டிருந்தேன். உண்மையில் அது பொறுமை கேட்கும் வேலை, அவ்வளவுதான். மூலைவிட்டக் கோடு வரை எல்லா பாபின் ஜோடிகளையும் பின்னிக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, தலையணையைத் தொண்ணூறு பாகை திருப்பி, அங்கிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும்.

நான் செய்வது 1630களில் ஐரோப்பிய ஆண்கள் அணிந்த, தோள்மேல் படிந்து விழும் லினன் காலர். அதற்கு முந்தைய தலைமுறையினர் கஞ்சி போட்டு விறைத்த மடிப்புக் காலரைக் கழுத்தைச் சுற்றி அணிந்தார்கள். அது தளர்ந்து தோளில் இறங்கியபோது, ஓரத்தில் இருந்த லேஸ் முழுதாகக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. இந்த ஆசையை எனக்குள் கிளப்பியது டச்சு ஓவியர் ஃபிரான்ஸ் ஹால்ஸ் 1624இல் வரைந்த இளைஞன். லண்டன் வாலஸ் கலெக்‌ஷனில் இருக்கும் ஓவியம் அது. 26 வயது, மேல்நோக்கி முறுக்கிய மீசை, இடுப்பில் ஊன்றிய கை, மணிக்கட்டில் லேஸ். அந்த லேஸ் அவனுடைய மிடுக்கைக் கூட்டுகிறதே தவிர, துளியும் குறைக்கவில்லை.

சரி, வேலைக்கு வருகிறேன். கையில் இருப்பது 60/2 (அறுபதாம் எண், இரட்டைப் புரி) லினன் நூல், பின்னுவது டார்ஷான் என்ற எளிய லேஸ் வகை. அந்தக் கால ஓவியங்களில் தெரியும் லேஸ் இதைவிடப் பல மடங்கு நுணுக்கமானது. ஆனால் கட்டத்தாளில் நாமே வரைந்து பின்ன டார்ஷான்தான் தோது. புள்ளிகளை 45 பாகைச் சாய்வில் குறித்து, அட்டையில் ஊசியால் துளையிட்டு, தலையணைமேல் குத்திக்கொள்ள வேண்டும். அப்புறம் அசைவுகள் இரண்டே இரண்டு. நான்கு பாபின்களில் நடுவில் உள்ள இரண்டை எடுத்து, இடதை வலதின் மேல் போட்டால் குறுக்கு. ஒவ்வொரு ஜோடியிலும் வலதை இடதின் மேல் போட்டால் முறுக்கு. குறுக்கு, முறுக்கு, குறுக்கு என்று போனால் துணி மாதிரி அடர்த்தியாக வரும். குறுக்கு, முறுக்கு, ஒரு குண்டூசி, மறுபடி குறுக்கு, முறுக்கு என்றால் வலை விரியும். எவ்வளவு பெரிய அலங்காரமும் இந்த இரண்டு அசைவுக்குள் அடங்கிவிடுகிறது. இன்னமும் எனக்கு அது ஆச்சரியம்தான்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் சிலந்தி என்ற அலங்காரம். இரு பக்கமிருந்தும் வரும் ஜோடிகளைக் கால்களாக முறுக்கிக்கொண்டு வந்து, நடுவில் ஒன்றையொன்று கடக்க வைத்து, மையத்தில் ஊசி குத்தி, திரும்பவும் கடக்கவிட்டு, மறுபடி முறுக்கி வெளியே அனுப்ப வேண்டும். நூல்களை மெல்ல இழுத்ததும் உடல் உருண்டு திரளும். மரப் பாபின்கள் மோதும் சத்தம் கைக்கு ஒரு தாளம் கொடுத்துவிடுகிறது. ஒரு மாலை முழுக்க உட்கார்ந்தாலும் நீளம் சில அங்குலம்தான் கூடும்.

இந்த வேகம் கைக்குப் பிடிபட்ட பிறகு, சரித்திரத்தில் படித்ததெல்லாம் வேறு மாதிரித் தெரிகிறது. பிரெஞ்சு அரசு 1633இல் லேஸ் அணிவதைத் தடுத்து ஆணை போட்டது. 1662இல் இங்கிலாந்து வெளிநாட்டு லேஸ் இறக்குமதியைத் தடை செய்தது. லேஸ் வாங்க வெனிஸுக்குப் பணம் போவதைப் பொறுக்காத பிரெஞ்சு நிதி அமைச்சர் கோல்பேர், 1665இல் பிரான்ஸிலேயே லேஸ் பட்டறைகளை ஏற்படுத்தினார். ஒரு கழுத்துத் துணி ஓரத்துக்காக அரசாங்கங்கள் ஏன் இவ்வளவு அலட்டிக்கொண்டன என்று முன்பு நினைப்பேன். அந்த ஓரத்தில் எத்தனை மாத உழைப்பு உட்கார்ந்திருந்தது என்பது இப்போது விரல்களுக்குத் தெரியும்.

லேஸின் மதிப்பை இயந்திரம்தான் அழித்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஜான் ஹீத்கோட் வலை பின்னும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றது 1809இல். அதற்கு 20 ஆண்டுகள் முன்பே, 1789 மே மாதம் பிரான்ஸின் வெர்சாயில் கூடிய மூன்று வகுப்பினரின் சபையில், பிரபுக்களுக்குப் பொன் சரிகையும் லேஸ் கழுத்துத் துணியும், சாமானியர்களின் பிரதிநிதிகளுக்கு வெறும் கறுப்பு அங்கியும் என்று உடை விதிக்கப்பட்டிருந்தது. அந்த ஆண்டே வெடித்த பிரெஞ்சுப் புரட்சியில் வென்றது கறுப்பு அங்கி. ஆண்கள் அலங்காரத்தை விட்டு ஒதுங்கியது மனம் மாறியதால். விலை இறங்கியது அதற்கு அப்புறம்தான். உளவியலாளர் ஃப்ளூகல் 1930இல் இதை ஆண்களின் மாபெரும் துறவு என்றே குறிப்பிட்டார்.

இயந்திரம் செய்த கொடுமை வேறு. அது பின்னுகிறவர்களின் பிழைப்பில் கைவைத்தது. 1816இல் இங்கிலாந்தின் லஃப்பரோவில் ஹீத்கோட்டின் ஆலையில் புகுந்தவர்கள் 55 இயந்திரங்களை உடைத்தார்கள். விக்டோரியா ராணி 1840இல் தன் திருமணத்துக்கு டெவன் பகுதியின் ஹானிட்டன் லேஸைத் தேர்ந்தெடுத்தபோது, கைவேலைக்காரர்களுக்கு வேலை கிடைக்கட்டும் என்ற எண்ணமும் அதில் இருந்தது. ஆனால் அதற்குள் லேஸ் மணமகளுக்கும் குழந்தைக்கும் உரியதாகச் சுருங்கத் தொடங்கிவிட்டது.

பின்னிக்கொண்டிருக்கும்போது அக்கா மகன் வந்து பார்த்துவிட்டு, “மாமா, இதை நீங்களா போட்டுக்கப் போறீங்க?” என்று கேட்டான். ஆமாம் என்றேன். ஹால்ஸின் இளைஞனைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இவரு போட்டா நல்லாத்தான் இருக்கு” என்றான். நாம் இன்று “இவ்வளவு அலங்காரம் எதுக்கு?” என்று ஒருவரைக் கேட்பது, அவர் மேல் அக்கறையாகச் சொல்வது போலத்தான் ஒலிக்கிறது. எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. நன்றாக உடுத்திக்கொள்வது ஒரு மகிழ்ச்சி. அதற்கு யாரும் காரணம் சொல்லத் தேவையில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த ரூத் பேடர் கின்ஸ்பர்க், ஆண்களின் சட்டைக் கழுத்தை மனதில் வைத்துத் தைக்கப்பட்ட கறுப்பு அங்கிமேல் லேஸ் காலர் அணிந்து தீர்ப்பு வாசித்தார். அந்தக் காலர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உற்சாகம் வருகிறது.

அடுத்த வேலைகள்: இரண்டாவது பக்கம், இன்னொரு மூலை, கடைசிப் பக்கம். பிறகு லேஸை நனைத்து, மட்டமாக ஊசி குத்திக் காயவைத்து, லினன் காலரின் ஓரத்தில் நேர் விளிம்பை நுண் தையலாகப் பிடிக்க வேண்டும். கறுப்புச் சட்டைமேல் அணிவதாகத் திட்டம், வெள்ளை அதில்தான் எடுப்பாகத் தெரியும். கஃபுக்கான (சட்டைக் கை முனைக்கான) அட்டையும் வரைந்துவிட்டேன். அதில் வளைவுகள் இன்னும் ஆழம் என்பதால் கூடுதல் ஜோடிகள் வேண்டும். காலர் தலையணையை விட்டு இறங்கியதும் அவற்றுக்கு நூல் சுற்றத் தொடங்குவேன்.