பூனை குறுக்கே போகவில்லை, கூடவே வந்தது

எங்கள் பூனை மிளகு 13 வயசுக் கிழவி. தைராய்டு இருக்கிறது, காலையும் மாலையும் காது மடலின் உட்புறத்தில் மருந்து தடவ வேண்டும், அதுவும் கையுறை போட்டுக்கொண்டு, இல்லாவிட்டால் மருந்து நம் தோலுக்குள்ளும் இறங்கிவிடும். இதற்கெல்லாம் ஆள் பிடிப்பது லேசான காரியம் இல்லை. பூனைக் காப்பகத்தில் விட்டால் சாப்பாட்டையே நிறுத்திவிடுவாள். அதனால்தான் அக்டோபரில் அமெரிக்காவின் யூட்டா, அரிசோனா மாநிலங்கள் பக்கம் போகலாம் என்று முடிவானதும், ஓட்டலை எல்லாம் விட்டுவிட்டு லாஸ் வேகாஸில் ஒரு ஆர்.வி., அதாவது படுக்கை, சமையலறை எல்லாம் உள்ள வீட்டு வண்டி, வாடகைக்கு எடுத்தோம். அம்மாவிடம் போனில் சொன்னேன். "பூனை குறுக்க போனாலே கிளம்பின காலை உள்ள வைப்போம், நீ பூனையையே தூக்கிட்டுப் போறியேடி, அதுவும் கறுப்புப் பூனை!"

எடுத்தது 25 அடி வண்டி, டிரைவர் தலைக்கு மேலே ஒரு படுக்கை துருத்திக்கொண்டிருக்கும் வகை. பூனையோடு போகிறவர்கள் ஸ்லைடு-அவுட் இல்லாத வண்டியாகப் பார்த்து எடுங்கள். பொத்தானை அமுக்கினால் பக்கச் சுவர் வெளியே நகர்ந்து உள்ளே இடம் கூடும், நல்ல வசதிதான், ஆனால் அந்த இயந்திரத்துக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வதுதான் பூனை பார்க்கும் முதல் வேலை. அது தெரியாமல் சுவரை உள்ளே இழுத்தால் கதை முடிந்தது. ஸ்லைடு இல்லாத வண்டியிலும் பொந்துக்குப் பஞ்சமில்லை: சாப்பாட்டு மேசை இருக்கைக்கு அடியில் தண்ணீர்க் குழாய் நுழையும் ஓட்டை, இழுப்பறைக்குப் பின்னால் உள்ள சந்து, இப்படி. என் கணவர் சாவி கைக்கு வந்ததும் டார்ச்சோடு தரையில் படுத்துவிட்டார். ஒவ்வொரு ஓட்டைக்கும் அட்டை வைத்து, ஒட்டின தடம் தெரியாத நீல டேப்பால் ஒட்டினார். ஹீட்டர் காற்று வரும் வழிகளை மட்டும் அடைக்கக் கூடாது.

ஓடும்போது ஆர்.வி. போடும் சத்தம் இருக்கிறதே, கல்யாணச் சமையல் பாத்திரம் ஏற்றிய மினி லாரி தோற்றுப்போகும். பூனைக்குப் பயம் வண்டியைக் கண்டு இல்லை, இந்தச் சத்தத்தைக் கண்டுதான். தட்டுகளுக்கு நடுவே துண்டு செருகினோம், கூண்டை மேசை இருக்கையில் வைத்து சீட் பெல்ட்டால் கட்டினோம். மருத்துவர் பயணப் பதற்றம் தணிய காபாபென்டின் என்ற மருந்தை எழுதிக் கொடுத்திருந்தார். அதை வீட்டிலேயே ஒருமுறை கொடுத்து, எவ்வளவு நேரம் தள்ளாடுகிறாள் என்று பார்த்து வைத்திருந்ததால் வழியில் பதற்றம் இல்லை. மிளகு கழிப்பறையாகப் போகும் மண் தொட்டிக்கு ஷவர் அறை. நாங்கள் முகாம்களின் பொதுக் குளியலறையில் குளித்துக்கொண்டோம்.

முதலில் யூட்டாவின் ஜயன் தேசியப் பூங்கா. அங்கே பூனைக்கு வேலையே இல்லை என்று சொல்லிவிடலாம். பள்ளத்தாக்குச் சாலையில் வருஷத்தில் பெரும்பகுதி ஷட்டில் பஸ்தான் ஓடும், அதில் செல்லப் பிராணிகளை ஏற்ற மாட்டார்கள், பாருஸ் என்ற ஒரே ஒரு நடைபாதையில்தான் அவற்றுக்கு அனுமதி. எனவே முறை வைத்துப் போனோம். ஒருவர் மலை ஏற, இன்னொருவர் வண்டியில். மின் இணைப்பு உள்ள இடம் கிடைத்ததால் ஏ.சி. ஓடியது, ஆனாலும் கரண்ட் எப்போது போகும் என்று யார் கண்டார்கள்? பூனையைத் தனியாக அடைத்துவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.

அடுத்து யூட்டாவிலேயே உள்ள கனாப் ஊர். 1984 முதல் அங்கே இயங்கும் பெஸ்ட் பிரண்ட்ஸ் விலங்குச் சரணாலயத்தில் பூனைகளுக்கென்றே தனிப் பகுதி உண்டு, பேரே 'கேட் வேர்ல்ட்'. நான் மட்டும் போய், மடியில் ஏறிய ஒரு செம்பட்டைக் கிழட்டுப் பூனையைக் கொஞ்சிவிட்டு வந்தேன். வண்டிக்குள் கால் வைத்ததுதான் தாமதம், மிளகு என் பேன்ட்டை முழங்காலிலிருந்து கணுக்கால் வரை ஒரு அங்குலம் விடாமல் மோந்து பார்த்தாள். அன்று ராத்திரி என் பக்கம் படுக்கவில்லை.

கனாபிலிருந்து ஏழே மைல் தெற்கே பிரெடோனியா, அங்கேயே அரிசோனா வந்துவிடும். அரிசோனாவில் கோடைக்கால நேரமாற்றம் கிடையாது, அதனால் போன் ஒரு மணி நேரம் பின்னால் போய்விட்டது. மிளகின் வயிற்றுக்கு அதெல்லாம் செல்லாது. போனில் மணி நாலரை, அவள் கிண்ணத்தைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். மருந்துக்கும் அவள் கணக்குதான் சரி என்று யூட்டா நேரத்தையே வைத்துக்கொண்டோம்.

89ஏ சாலையில் நவாஹோ பாலத்தில் நிறுத்தினோம். 1929இல் திறந்த பழைய பாலம் இப்போது நடப்பவர்களுக்கு மட்டும், வண்டிகளுக்கு 1995இல் பக்கத்திலேயே புதுசு கட்டிவிட்டார்கள். கீழே 467 அடி ஆழத்தில் கொலராடோ ஆறு. பாலத்து இரும்பில் கலிபோர்னியா கான்டார்கள் என்ற பெரிய பிணந்தின்னிக் கழுகுகள் இறக்கையில் எண் அட்டையோடு உட்கார்ந்திருந்தன. விரித்தால் ஒன்பது அடிக்கு மேல்! பூனையைத் திரைக்குப் பின்னால் விட்டுவிட்டு வந்தது நல்லதாகப் போயிற்று.

கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பில் மேதர் முகாமில் மின் இணைப்பு இல்லை என்பதால் டிரெய்லர் வில்லேஜில் தங்கினோம். ஏறக்குறைய 7000 அடி உயரம், ராத்திரி குளிர் எலும்பில் குத்தியது. சூடான காற்று மேலே ஏறும் என்ற இயற்பியல் மிளகுக்குத் தெரிந்திருக்கிறது, டிரைவர் தலைக்கு மேலுள்ள படுக்கை அவளுக்கு, கீழே விறைத்தது நாங்கள். காலையில் ஜன்னலுக்கு இரண்டடியில் ஒரு எல்க் மான் புல் மேய்ந்துகொண்டிருந்தது. மிளகின் வால் பாட்டில் கழுவும் பிரஷ் அளவுக்குப் புடைத்தது, அப்புறம் ஒரு மணி நேரம் அவள் அந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை. பள்ளத்தாக்கைவிட அதைப் பார்ப்பதுதான் எனக்குச் சுவாரஸ்யம்.

வெளியே மட்டும் விடவே இல்லை. அங்கே பிராணியைக் கட்டும் வார் ஆறடிக்கு மேல் நீளக் கூடாது என்பது பூங்கா விதி, சரி, அது போகட்டும். கயோட்டி என்ற ஓநாய் இன விலங்குகள் சுற்றுகின்றன. வடக்கு அரிசோனாவில் காட்டு எலி, புல்வெளி நாய் (பேர்தான் நாய், அணில் இனம்) உடம்பிலிருக்கும் தெள்ளுப்பூச்சிகளில் பிளேக் கிருமி உண்டு, பூனைக்கு அது சட்டென்று தொற்றும்.

செலவு என்று பார்த்தால் பெட்ரோல்தான் கடிக்கும், கேலனுக்கு எட்டு, ஒன்பது மைல்தான் கொடுத்தது. கட்டியாகும் பூனை மண்ணைக் கழிப்பறையில் கொட்டிவிடாதீர்கள், கழிவுத் தொட்டிக்குள் இறுகிப் பிடித்துக்கொள்ளும், பையில் கட்டிக் குப்பையில் போடுவதுதான் வழி. வேகாஸ் திரும்பியதும் டேப்பை உரித்து, ஒட்டு உருளையால் இருக்கைகளில் முடியை எடுத்தோம். வண்டியைப் பார்வையிட வந்தவர் குனிந்து மோந்து பார்த்துவிட்டு "பூனை இருந்ததா?" என்று கேட்டார். ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறதே என்றோம். முன்பணம் முழுசாகத் திரும்பி வந்தது.