கடன் நோட்டில் பெயர் உள்ளவர்களிடம் ஓட்டுக் கேட்ட கதை

கூட்டுறவுக் கடையின் நிர்வாகக் குழுத் தேர்தலில் நிற்கலாமா, நின்றால் உள்ளே என்ன வேலை இருக்கும் என்று கட்டபெட்டுப் பக்கமிருந்து ஒரு பெண் போனில் கேட்டாள். 2013ல் நான் நின்றது அவள் அத்தைக்கு ஞாபகம் இருக்கிறதாம். பாதி சொல்லும்போதே லைன் போய்விட்டது. ஐப்பசி மழையில் எங்கள் பக்கம் இது வழக்கம்தான். மீதியை எழுதிவிடுகிறேன், அவளும் படிக்கட்டும், கேட்க நினைத்துக் கேட்காதவர்களும் படிக்கட்டும்.

எங்கள் கடை கோத்தகிரியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. பெயர் வேண்டாம், கடை இன்னும் நடக்கிறது. பலகையில் 'கூட்டுறவு பண்டகசாலை' என்று நீளமாக எழுதியிருக்கும். ஊரில் எல்லோருக்கும் அது 'சொசைட்டி'. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர்கள், கூலிக்கு இலை பறிப்பவர்கள், ஹட்டி என்று சொல்லும் பக்கத்து ஊர்களின் படுகர் குடும்பங்கள், இந்தியாவும் இலங்கையும் போட்ட சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்து இறங்கிய எங்களைப் போன்றவர்கள் என்று எல்லோரும் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்கு போட்டுத் தொடங்கிய கடை அது. ரேஷன் கடை வேறு, இது வேறு. இங்கே அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு, பள்ளிக்கூட நோட்டு என்று மளிகைக் கடையில் கிடைப்பதெல்லாம் காசுக்குக் கிடைக்கும். ஒரு பங்கு வைத்திருந்தாலும் இருபது பங்கு வைத்திருந்தாலும் ஓட்டு ஒன்றுதான்.

நான் நின்றதற்கு ஒரே காரணம் கடன் நோட்டு.

கல்லாவுக்குப் பக்கத்தில் நீளமான நோட்டு ஒன்று தொங்கும். இலைக் காசு வந்ததும் தருகிறேன் என்று சொல்லிச் சாமான் வாங்கிப்போகிறவர்களின் கணக்கு அதில் ஏறும். தொடக்கத்தில் இது ஒழுங்காகத்தான் நடந்தது. மாதம் பிறந்தால் பாக்டரியில் இலைக்குப் பணம் கொடுப்பார்கள், அன்றைக்கே நோட்டில் கோடு விழும். 1999க்குப் பிறகு பச்சைத் தேயிலை விலை விழுந்தது. விழுந்தது என்றால் பறிப்புக் கூலிக்கே கட்டாத அளவுக்கு. அப்போது ஏறிய கடன் பல வீடுகளில் இறங்கவே இல்லை. விலை கொஞ்சம் எழுந்த வருடங்களிலும் பழைய பாக்கி அப்படியே இருக்க, புதுக் கணக்கு அடுத்த பக்கத்தில் ஆரம்பமானது. நோட்டு மாறும்போது 'முன்பாக்கி' என்று ஒரு வரி எழுதுவார்கள். அந்த வரிதான் கடையைத் தின்றது.

எப்படி என்று கேட்டால், மளிகையில் லாபம் மெலிசு. எங்கள் கடையில் செலவெல்லாம் போக நூற்றுக்கு எட்டு ரூபாய் நின்றால் நல்ல வருடம். ஒருவர் 1,000 ரூபாய் பாக்கியைத் தரவில்லை என்றால் அதை ஈடுகட்ட 12,500 ரூபாய்க்குச் சரக்கு விற்க வேண்டும். பொதுப்பேரவைக் கூட்டத்தில் இந்தக் கணக்கை நான் எழுந்து சொன்னேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், "அம்மா நல்லா கணக்குப் போடுது. நம்ம பக்கத்துல சேத்துக்கலாம்" என்றார். சிரித்தார்கள். எனக்கு அது சிரிப்பாக இல்லை.

இந்தக் கணக்கு எனக்குச் சுலபமாக வந்ததற்குக் காரணம் மகளிர் சுய உதவிக் குழு. 1997ல் மகளிர் திட்டம் வந்தபின் தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயத்தில் ஆரம்பித்த குழுவுக்கு நான்தான் கணக்கு எழுதினேன். பதினெட்டுப் பெண்கள். தவணை தவறினால் அடுத்த வாரக் கூட்டத்தில் மற்ற பதினேழு பேரும் முகத்தைப் பார்ப்பார்கள். அதற்குமேல் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. சொசைட்டியில் அறுநூறு சொச்சம் உறுப்பினர்கள். யார் பாக்கி என்று யாருக்கும் தெரியாது, தெரிந்தாலும் சொல்ல மாட்டார்கள். கடை எல்லோருடையதும் என்கிறபோது, அது ஏமாந்தாலும் யாருக்கும் வலிக்காது.

எங்கள் செயலாளர் கூட்டுறவுப் பட்டயம் படித்தவர். அவர் ஒருநாள் ராக்டேல் கதையைச் சொன்னார். 1844ல் இங்கிலாந்தில் ஒரு நெசவு ஊரில் 28 பேர் சேர்ந்து கடை வைத்தார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ், மெழுகுவர்த்தி, தொடக்கத்தில் சரக்கு அவ்வளவுதான். ஆளுக்கு ஒரு ஓட்டு, கலப்படமில்லாத சரக்கு, வாங்கியதற்கேற்ற லாபப் பங்கு என்பதோடு, ரொக்கத்துக்கு மட்டுமே விற்பது என்ற விதியும் வைத்தார்களாம். அவர்களும் உழைத்துப் பிழைத்தவர்கள்தான். சென்னை திருவல்லிக்கேணியில் 1904ல் ஆரம்பித்த சங்கம் நூறு வருடம் தாண்டி நிற்கிறது என்றும் சொன்னார். "நம்மகிட்ட ஓட்டு மட்டும் இருக்கு, ரொக்கம் இல்ல" என்று அவரே முடித்தார். அவர் சம்பளக்காரர், அதற்குமேல் பேச முடியாது. பேச வேண்டியது நிர்வாகக் குழு.

சரி, குழுவுக்குள் போவது எப்படி? 2013ல் கூட்டுறவுத் தேர்தல் ஆணையம் தமிழ்நாடு முழுக்கக் கட்டம் கட்டமாகத் தேர்தல் நடத்தியது. எங்கள் குழுவில் 11 இடம், அதில் மூன்று பெண்களுக்கு. பெரிய சங்கங்களில் கட்சிக்காரர்கள் பட்டியல் போட்டு, எதிர்மனு இல்லாமல் முடித்துவிடுவதாகப் பேச்சு அடிபட்டது. எங்களுடையது லாபமே காட்டாத கடை, யார் கண்ணும் அதன்மேல் படவில்லை. அந்த வகையில் நஷ்டத்துக்கும் ஒரு நன்மை உண்டு.

பழைய இயக்குநர் ஒருவர் வீட்டுக்கே வந்தார். "அக்கா, பெண்கள் இடத்துல நில்லுங்க. போட்டி வராம நான் பாத்துக்கறேன். மாசம் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்" என்றார்.

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி படிக்கலாமா தம்பி?"

அவர் டீயைக் குடித்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் எனக்கு எதிராக அவருடைய அண்ணன் மனைவி மனு போட்டார். நல்ல பெண்மணி, இன்றைக்கும் என்னோடு பேசுவார்.

மனுத்தாக்கல் வாரத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. சங்கத்துக்குப் பாக்கி வைத்துத் தவணை தவறியவர் குழுவுக்கு நிற்க முடியாது. சங்கத்தோடு ஒப்பந்தம் உள்ளவரும், சம்பளம் வாங்குபவரும் முடியாது. செயலாளர் இந்த விதியை வெள்ளைத்தாளில் எழுதிக் கடை வாசலில் ஒட்டினார். மறுநாளிலிருந்து கடைக்குக் காசு வர ஆரம்பித்தது. வருடக் கணக்கில் நினைவூட்டுக் கடிதத்துக்கு அசையாத பெயர்கள், நிற்கும் ஆசையில் முன்பாக்கியை முழுசாகக் கட்டி ரசீது வாங்கின. வருடாவருடம் தேர்தல் வைத்தால் நோட்டே காலியாகிவிடும் என்று நான் சொன்னதற்குச் செயலாளர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

வாக்காளர் பட்டியலை வாங்கிப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. என் அப்பா இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. பட்டியலில் அவர் உறுப்பினராக இருந்தார். அவரைப் போல நிறையப் பேர். வாரிசு பெயருக்குப் பங்கை மாற்ற எழுதிக் கொடுக்க வேண்டும், யாரும் கொடுப்பதில்லை. போட்டியிட நினைக்கும் பெண்ணே, முதலில் இந்தப் பட்டியலையும், சங்கம் நடக்கவேண்டிய முறையைச் சொல்லும் துணைவிதிகளையும், கடைசித் தணிக்கை அறிக்கையையும் கேட்டு வாங்கு. உறுப்பினர் கேட்டால் காட்டத்தான் வேண்டும். தணிக்கை அறிக்கையில் 'வரவேண்டிய கடன்' என்ற தலைப்பை எடுத்துப் பார். மற்றதெல்லாம் அப்புறம் படிக்கலாம்.

ஓட்டுக் கேட்கப் போவதுதான் கஷ்டம். காலையில் எல்லோரும் தோட்டத்தில் இருப்பார்கள். இலையை எடை போட்டுவிட்டு வீட்டுக்கு வர மூன்று மணி ஆகும். ஐந்தரைக்குள் நான் திரும்பிவிட வேண்டும், கரடி நடமாட்டம். தேயிலைக்குள் ஒற்றையடிப் பாதையில் காட்டெருமை நின்றால் அது நகரும்வரை நாமும் நிற்க வேண்டியதுதான். ஆக, ஒரு நாளைக்கு நாலைந்து வீடு.

போன வீடுகளில் பாதிக்குமேல் நோட்டில் இருந்த வீடுகள். கடனை வசூலிப்பேன் என்று சொல்லிக் கடன் வாங்கியவரிடமே ஓட்டுக் கேட்கிற தேர்தல் வேறு எங்கே இருக்கும்? வங்கி மேலாளரை வாடிக்கையாளர் தேர்ந்தெடுப்பதில்லை. இங்கே தேர்ந்தெடுக்கிறார்கள். மற்ற வேட்பாளர்கள் ஓட்டைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கடன் பேச்சையே எடுக்கவில்லை, கோதுமை மாவு நல்ல பிராண்டு வாங்குவோம் என்றார்கள்.

ஒரு வீட்டில் எனக்கு மூத்தவரான ஒரு அக்கா திண்ணையில் உட்காரவைத்துச் சொன்னதை மறக்க முடியாது. "2009 ஐப்பசியில மண்ணு சரிஞ்சு மேட்டுப்பாளையம் ரோடு மூடிச்சே, ஞாபகம் இருக்கா? இலை வாங்குற ஏஜென்ட் கடைக்காரன் விலையை ஏத்துனான். சொசைட்டிதான் நோட்டுல எழுதிக்கிட்டு அரிசி கொடுத்துச்சு. அந்த நோட்டைத்தான் நீ மூடப் போறியா?"

அந்த மழையில் கேத்தியிலும் குன்னூர்ப் பக்கமும் எத்தனை உயிர் போனது என்று எல்லோருக்கும் தெரியும். நான் மூடப் போவதில்லை என்றேன். வரம்பு வைப்போம் என்றேன். போன மூன்று மாத இலைக் காசில் சராசரி என்னவோ, அதில் பாதி வரைதான் கடன், முன்பாக்கிக்கு மாதம் ஒரு சின்னத் தவணை, ரோடு மூடினால் குழு கூடித் தனியாக முடிவெடுக்கும். அந்த அக்கா யோசித்துவிட்டு, "பேரை எழுதித் தொங்கவிடக் கூடாது" என்றார். வேறு சிலர் அப்படித் தொங்கவிடச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு வீட்டுப் பெண்ணுக்குச் சம்பந்தம் பேச வருகிறவன் கடை வாசலில் அந்தப் பலகையைப் படித்தால் என்ன ஆகும்? அதற்கு நான் ஒத்துக்கொள்ளவே இல்லை. ஆளுக்கொரு பாஸ்புக், அவரவர் கணக்கு அவரவர் கையில் என்று முடிவாகச் சொன்னேன்.

ஜெயித்தேன். பெண்கள் இடத்தில் மூன்றாவதாக. சொற்ப ஓட்டு வித்தியாசம்.

உள்ளே போனபிறகு என்ன வேலை என்றும் கேட்டாள் அல்லவா. மாதம் ஒரு கூட்டம், தீர்மானப் புத்தகம், முந்தைய மாத வரவு செலவு. கொள்முதலுக்கு மூன்று விலைப்புள்ளி வாங்கியிருக்கிறார்களா என்று பார்ப்பது. கோயம்புத்தூரிலிருந்து பருப்பும் எண்ணெயும் ஏற்றிவரும் வண்டி வாடகையில் பேரம். மார்ச் 31 அன்று சரக்கு இருப்பு எடுக்கும்போது கூடவே நின்று எண்ணுவது. சோப்பை எண்ணுவது ஒன்றும் கஷ்டமில்லை. வெல்லமும் கல் உப்பும்தான் தலைவலி. எங்கள் ஊர் ஈரத்தில் வெல்லம் கசியும், உப்பு மூட்டைக்கு அடியில் தண்ணீர் தேங்கும். வாங்கின எடை வேறு, விற்கும் எடை வேறு. தணிக்கைக்கு வருகிறவர் சமவெளிக்காரராக இருந்தால் எடைக் குறைவை நம்பவே மாட்டார். ஒருவரைக் கூட்டிப்போய் மூட்டையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். பிளாஸ்டிக் பை பிரச்சினை மட்டும் எங்களுக்கு இல்லை. 2019ல் தமிழ்நாடு முழுக்கத் தடை வருவதற்கு ரொம்ப முன்னாலேயே நீலகிரியில் தடை வந்துவிட்டதால் துணிப்பையும் காகிதப் பொட்டலமும் எங்களுக்குப் பழகிப்போனவை.

கடன் வரம்புத் தீர்மானம் முதல் கூட்டத்தில் நிறைவேறும் என்று நினைக்காதே. தலைவர் அதை ஒவ்வொரு மாதமும் கடைசிப் பொருளாக வைப்பார், அதற்குள் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். ஒரு தடவை நான் எழுந்து, இதை முதல் பொருளாக எடுத்தால்தான் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவேன் என்றேன். இரண்டு பேர் என்னோடு சேர்ந்துகொண்டார்கள். அதில் ஒருவர், தேர்தலுக்காக முன்பாக்கியைக் கட்டியவர். தான் கட்டிவிட்டதால் மற்றவர்கள் கட்டாதது அவருக்கு இப்போது உறுத்தியது.

தீர்மானம் வந்தது, பாஸ்புக் வந்தது. புதுக் கடன் பெரும்பாலும் ஒழுங்காகத் திரும்பியது. பழைய பாக்கியில் ஒரு பகுதி தவணையாக வந்தது. இன்னொரு பகுதி வரவே இல்லை. ஆள் இறந்திருப்பார், அல்லது திருப்பூருக்கு வேலைக்குப் போயிருப்பார். அதை நம் இஷ்டத்துக்குத் தள்ளுபடி செய்துவிடவும் முடியாது, துறையின் அனுமதி வேண்டும், காகிதம் போய்வர வருடங்கள் ஆகும். சிலர் கோபித்துக்கொண்டு இலை ஏஜென்ட் கடைக்குப் போனார்கள். அவர் கடன் கொடுப்பார், பதிலுக்கு இலையை அவருக்கே போட வேண்டும், எடையும் விலையும் அவர் சொல்வதுதான். இரண்டு மூன்று குடும்பங்கள் பிறகு திரும்பி வந்தன, மற்றவை வரவில்லை.

2018ல் நான் மறுபடி நிற்கவில்லை. மூட்டு வலி, ஏற்ற இறக்கப் பாதையில் வீடு வீடாகப் போக முடியாது. அப்போது வந்த குழுக்களின் ஐந்து வருடமும் 2023ல் முடிந்துவிட்டது. அடுத்த அறிவிப்பு வரும்போது உன் பங்கு உன் பெயரில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள், மாமியார் பெயரில் இருந்தால் இப்போதே மாற்ற எழுதிக் கொடு. கடையில் உனக்குப் பாக்கி இருந்தால் கட்டிவிட்டு ரசீதைப் பத்திரமாக வை. மனு கொடுக்கும்போதும் ரசீது வாங்கு. முன்மொழிபவர், வழிமொழிபவர் பாக்கியையும் விசாரித்துவிடு, கூச்சப்படாதே. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால் என்னிடம் இருக்கும் பழைய துணைவிதிப் பிரதியைத் தருகிறேன். மதியத்துக்குள் வா, சாயங்காலம் கரடி.