ஊட்டியில் ஒரு பழைய டீசல் வண்டி: மைலேஜ் நாட்குறிப்பு

நவம்பர் 10, 2024, ஞாயிறு

வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. 2017 மாடல் விட்டாரா பிரெஸ்ஸா, டீசல், ஈரோட்டுப் பதிவு, மீட்டரில் 84 ஆயிரத்துச் சொச்சம். 1248 சிசி, 90 குதிரைத்திறன். எஞ்சின் ஃபியட்காரர்களின் மல்டிஜெட்தான், அதனால் எந்த ஊர் மெக்கானிக்குக்கும் அத்துப்படி. 2020-இல் பிஎஸ்6 என்ற புதிய புகை விதி வந்ததும் மாருதி டீசலையே நிறுத்திவிட்டதால் இதைப் புதிதாக வாங்க வழியில்லை, பழையது கிடைத்தால்தான் உண்டு.

கம்பெனி சொன்ன மைலேஜ் லிட்டருக்கு 24.3. அது ஆய்வகத்தில் உருளை மேல் ஓட்டி எடுத்த கணக்கு. ஏற்றம் கிடையாது, எதிர்க்காற்று கிடையாது, ஏசி கிடையாது, வேகமும் 90-ஐத் தாண்டாது. ஊட்டியில் இதே வண்டி வைத்திருப்பவர்களைக் கேட்டால் ஒருவர் 12 என்கிறார், ஒருவர் 16, மச்சான் மட்டும் அடித்துச் சொல்கிறான் 24 என்று. யாரும் பொய் சொல்வதாகத் தோன்றவில்லை, ஆனால் எந்த ரோட்டில் அளந்தார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. நாமே அளந்துவிடலாம் என்றுதான் இதை எழுத ஆரம்பித்தேன்.

வரும் வழியில் கல்லாறு செக்போஸ்ட்டில் நிறுத்தி இ-பாஸ் கேட்டார்கள். நீலகிரிப் பதிவான டி.என். 43 நம்பராக இருந்தால் கண்டுகொள்ளவே மாட்டார்கள். பிறந்து வளர்ந்த ஊருக்குள் டூரிஸ்ட் மாதிரி நுழைய வேண்டியதாயிற்று.

நவம்பர் 16, சனி

அளக்கும் முறை பழைய முறைதான். டேங்க்கை ஆட்டோ கட் ஆகும் வரை நிரப்பு, ஓட்டு, மறுபடி கட் ஆகும் வரை நிரப்பு, ஓடிய கிலோமீட்டரைப் போட்ட லிட்டரால் வகு. பங்க் பையன் கட் ஆன பிறகும் ரூபாயை ரவுண்ட் பண்ண ரெண்டு தடவை அமுக்குவான், அதை மட்டும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். குறைந்த தூரத்துக்கு இந்த முறையில் அரை லிட்டர் முன்னே பின்னே போகலாம், அது தெரிந்துதான் எழுதுகிறேன்.

மேட்டுப்பாளையத்தில் நிரப்பிவிட்டு, பர்லியார், குன்னூர் வழியாக வீட்டுப் பக்கத்து பங்க் வரை 53 கிலோமீட்டர். பிடித்தது 5.1 லிட்டர். லிட்டருக்கு 10.4.

இதைக் கேட்டதும் வீட்டில் முகம் மாறிவிட்டது. ஆனால் யோசித்துப் பாருங்கள், மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம், ஊட்டி 2,240. நாங்கள் நாலு பேர், சாமான் எல்லாம் சேர்த்து ஒன்றரை டன் எடையை 1,900 மீட்டர் தூக்கியிருக்கிறோம். எஞ்சின் டீசலில் இருக்கும் சக்தியில் மூன்றில் ஒரு பங்கைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கும் என்று வைத்துக்கொண்டால் இந்தத் தூக்குக் கூலிக்கு மட்டுமே ஏறக்குறைய 2.3 லிட்டர் ஆகிறது. மீதிதான் ரோட்டில் ஓடியதற்கு. வண்டியில் கோளாறு ஒன்றும் இல்லை.

இன்னொன்று. கொண்டை ஊசியில் இந்த எஞ்சின் படுத்துவிடுகிறது. எஞ்சினுக்கு வலு கூட்டும் டர்போ விழிக்க நிமிஷத்துக்கு 1,800 சுற்றாவது வேண்டும். வளைவில் செகண்டில் திரும்பினால் முள் 1,100-க்கு இறங்கி, மிதித்தாலும் ஒரு நொடி ஒன்றுமே நடக்காது, பின்னால் பஸ் ஹாரன் அடிக்கிறது. ஹாஃப் கிளட்ச்சில் சமாளிப்பதை விட ஃபர்ஸ்டுக்கு இறக்கிவிடுவது மேல். கிளட்ச் பிளேட் விலைக்கு எத்தனை டேங்க் டீசல் போடலாம் என்று பார்த்தாலே புரியும்.

நவம்பர் 24, ஞாயிறு

இறக்கம். கோத்தகிரி வழியாக மேட்டுப்பாளையம், 63 கிலோமீட்டர், 1.7 லிட்டர். லிட்டருக்கு 37! அதிலும் பாதி, தொட்டபெட்டா ஜங்ஷன் வரைக்கும் உள்ள ஏற்றத்தில் போனதாகத்தான் இருக்கும்.

மச்சானின் ரகசியமும் வெளியே வந்தது. ஏறும்போது பத்து, இறங்கும்போது முப்பத்தேழு, கூட்டி இரண்டால் வகுத்தால் இருபத்து நாலுக்குப் பக்கத்தில்தானே வரும்? அப்படி வகுக்கக் கூடாது. மொத்தம் 116 கிலோமீட்டர், மொத்தம் 6.8 லிட்டர், ஆக 17. அவ்வளவுதான். மலையில் ஒரு வழிக் கணக்கை வைத்துப் பெருமைப்படுவதும் அழுவதும் வீண் வேலை.

நியூட்ரலில் இறக்கினால் இன்னும் மிச்சமாகும் என்று நம்புகிறவர்கள் இங்கே நிறைய. கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்டருக்கு டீசல் போவதே நின்றுவிடும், சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றும். நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்கு டீசல் செலவாகிறது, போதாக்குறைக்கு பிரேக் சூடேறி நாற்றம் அடிக்கும். செகண்டிலோ தேர்டிலோ இறங்குங்கள், சாமி.

டிசம்பர் 8, ஞாயிறு

ஈரோட்டில் ஒரு கல்யாணம். அவிநாசி தாண்டி சேலம் ஹைவேயில் 80, 85-லேயே போனேன், ஏசி போட்டும் 21 கிடைத்தது. டிஸ்பிளே 22.6 என்றது, அது எப்போதும் கொஞ்சம் ஆசை காட்டும்.

கிலோமீட்டர் கல்லை வைத்து மீட்டரையும் சரிபார்த்தேன். 20 கல் தாண்டும்போது மீட்டர் 19.5. சந்தேகம் வந்து டயரைப் பார்த்தால் 215/65 ஆர்16. இந்த வண்டிக்கு வர வேண்டியது 215/60. முன்னால் வைத்திருந்தவர் வண்டி உயரமாகத் தெரிய வேண்டும் என்று மாற்றியிருக்க வேண்டும். கணக்குப்படி சுற்றளவு 3 சதவீதம் கூடுதல், டயர் தேய்ந்திருப்பதால் இரண்டரைதான் காட்டுகிறது. ஆக ஹைவே 21 என்பது 21.5, மலை 17 என்பது 17.4. அதைவிட முக்கியம், டயர் பெரிதானால் கியர் எல்லாம் நீண்டுவிடும், அதாவது ஒவ்வொரு கியரிலும் இழுவை குறையும். கொண்டை ஊசியில் வண்டி படுப்பதில் இதற்கும் பங்கு உண்டு.

டயர் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். இதில் 3118, அதாவது 2018-இன் 31-ஆவது வாரம். பழைய வண்டி வாங்குபவர்கள் டயர் பட்டன் தேய்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல் இதையும் பாருங்கள்.

ஜனவரி 5, 2025, ஞாயிறு

காந்தல் பக்கம் புல் எல்லாம் வெள்ளையாகக் கிடக்கிறது. உறைபனி. காலையில் கண்ணாடியில் வெந்நீர் ஊற்றக் கூடாது, விரிசல் விடும், பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டினால் போதும். ஹீட்டர் விளக்கு அணைந்த பிறகு சாவியைத் திருப்பினால் ஒரே மூச்சில் எழுந்துவிடுகிறது.

இந்த டேங்க் முழுக்க டவுனுக்குள்ளேயே ஓடியது. பெர்ன்ஹில்லிலிருந்து பள்ளிக்கூடம், மார்க்கெட், சேரிங் கிராஸ், திரும்பி வீடு. 300 கிலோமீட்டருக்கு 26 லிட்டர். லிட்டருக்கு 11.5. எனக்கு உண்மையான அதிர்ச்சி இதுதான். நாலு நிமிஷ ஓட்டத்தில் எஞ்சின் சூடாவதற்குள் பள்ளிக்கூடம் வந்துவிடுகிறது, டெம்பரேச்சர் முள் அசைவதே இல்லை, ஃபர்ஸ்ட் செகண்டைத் தாண்ட ரோடும் விடுவதில்லை.

பக்கத்து வீட்டு அண்ணன் தினமும் கால் மணி நேரம் நிறுத்திய இடத்திலேயே ஓடவிட்டுச் சூடாக்குகிறார். டீசல் எஞ்சின் ஐட்லிங்கில் சூடாக ரொம்ப நேரம் பிடிக்கும். அரை நிமிஷம் விட்டுவிட்டு மெதுவாக உருட்டிக்கொண்டு போனால் சீக்கிரம் சூடாகும். சொன்னேன், சிரித்தார்.

இது பிஎஸ்4 வண்டி என்பதால் புகை வடிகட்டி கிடையாது. புது டீசல் வண்டியை இப்படிக் குட்டி ஓட்டம் ஓட்டினால் அந்த வடிகட்டி கரியில் அடைத்துக்கொள்ளும். ஊட்டி டவுனுக்குள் மட்டும் ஓட்ட நினைப்பவர்கள் டீசல் பக்கமே வராதீர்கள் என்பேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

மேட்டுப்பாளையத்தில் நாலு டயரும் மாற்றியாயிற்று, சரியான 215/60. ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினால் ஒரு கைப்பிடி மண். "இதுல மூச்சு விட்டதே பெருசுங்கண்ணா" என்றார் மெக்கானிக்.

டயரில் காற்று 33 வைத்துவிட்டு, மலைக்குப் போனால் ஏறுமா இறங்குமா என்று கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு, அதனால் அளவு 3 கூடிக் காட்ட வேண்டும். குளிரில் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி ஏறக்குறைய அதே 3 குறைகிறது. ஊட்டியில் ஆறவிட்டு அளந்தேன், 33-தான்.

ஏற்றம் இந்தத் தடவை அதே ரோட்டுக்கு 4.9 லிட்டர், முன்பு 5.1. பெரிய வித்தியாசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பர்லியாருக்கு மேலே இரண்டு மூன்று வளைவுகள் செகண்டிலேயே திரும்பின, போன தடவை அதே இடத்தில் ஃபர்ஸ்ட் தேவைப்பட்டது.

மாதத்துக்கு இரண்டு முறை கீழே போய் வந்தால் 14 லிட்டர் கூட ஆகவில்லை. டவுனுக்குள் சுற்றுவதற்கு 26. நாளையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஸ்கூட்டர் என்று வீட்டில் முடிவாகிவிட்டது, உறைபனி முடியும் வரை விட்டுவைக்கச் சொல்லி மகன் பேரம் பேசிக்கொண்டிருக்கிறான்.