ஏழு கிலோ நூறு

மார்ச் 4, செவ்வாய்
பாப்பா எடை 7.1 கிலோ. பிறந்தப்போ 2.9, ஆறாம் மாதம் 6.9. இப்போது ஒன்பது முடிந்து 7.1. மூன்று மாதத்துக்கு இருநூறு கிராம். கிளினிக் மிஸ்ஸி (நர்ஸ்) எடைப் புத்தகத்தில் புள்ளி வைத்து, பழைய புள்ளியோடு சேர்த்தார். ஏறிக்கொண்டே வந்த கோடு படுத்துவிட்டது. கீழ்க்கோடு 6.5-இல் ஓடுகிறது, அதைத் தொடவில்லை. "தாப்பா லா, சீரிட்தானே" என்றார்; பரவாயில்லை, வயிற்றுப்போக்குதானே என்று. ராயா (நோன்புப் பெருநாள்) கழித்து ஏப்ரல் 3 வரச் சொல்லியிருக்கிறார்.

மார்ச் 5
தூக்கமில்லை.

மார்ச் 8
எதிர்வீட்டு ஆண்ட்டி: "என்னம்மா, பிள்ளை இப்படி குறுஸா (ஒல்லியா) போச்சு?" அத்தை விடவில்லை. "எம்மவன் தோட்டத்துல பிள்ளைங்கள விட்டுட்டுப் போற ஆயாக் கொட்டகையில இதைவிட ஒல்லியா கெடந்தான், நம்ம ஆளுங்க உடம்பே அப்படித்தான்." நானும் 148 சென்டிமீட்டர்தான், சமாதானமாகிவிடலாம். ஆனால் புத்தகத்திலிருக்கும் அந்த எடை அட்டவணையே பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா என்று ஆறு நாட்டுக் குழந்தைகளை அளந்து 2006-இல் வந்தது. நம்ம ஆளுங்களும் அதில் உண்டு. சின்னப் பிள்ளை என்றால் சின்னக் கோட்டிலேயே போகட்டும். இவள் கோடு விட்டுக் கோடு இறங்குகிறாள்.

மார்ச் 12
தைப்பூசத்துக்குக் கல்லுமலை முருகன் கோயிலுக்குப் போய்வந்த வாரம்தான் வயிற்றுப்போக்கு. அப்போது ஆரம்பித்த கஞ்சித் தண்ணீரை நான் நிறுத்தவே இல்லை. வயிறு ரொம்பும், வேறென்ன இருக்கிறது அதில்? இன்று குழையக் கெட்டியாக்கி, நெத்திலிப் பொடி, அவித்த மஞ்சள் கரு, ஒரு கரண்டி எண்ணெய். கரண்டியைச் சாய்த்தால் வழியக் கூடாதாம். வழியவில்லை. பாதி என் சட்டையில்.

மார்ச் 16
அவர் பொறுக்காமல் மளிகைக் கடைக்குத் தூக்கிப் போய் வெங்காயத் தராசில் வைத்துவிட்டார். 7.4! குதித்தேன். பிறகுதான் பார்த்தேன்: சட்டை, தண்டை, அரைஞாண், நனைந்து கனத்த பேம்பர்ஸ். அதே தராசு, உடம்பில் துணியில்லாமல் என்று மிஸ்ஸி படித்துப் படித்துச் சொன்னாரே.

மார்ச் 21
பாயில் கிடந்த ஒற்றைச் சோற்றுப் பருக்கையை இன்று கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் எடுத்தாள். கை முழுதும் போட்டு வழிக்கவில்லை, கிள்ளியே எடுத்தாள். பார்த்துப் பார்த்து என் வாயில் வைத்தாள். இதை எந்தக் கட்டத்தில் குறிப்பார்கள்?

மார்ச் 29
இருநூறு ஏறினால் போதும். இருநூற்றைம்பது.

ஏப்ரல் 3
எங்கள் எண் 41. இப்போது 38 ஓடுகிறது. மூத்திரம் போயிருக்கிறாள். பேம்பர்ஸை இப்போதே கழற்றிவிடவா