'நெகட்டிவ்' என்று எழுதும் முன்

நான் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்தபோது, காசநோயைக் கண்டுபிடிக்க எங்கள் சிறிய மருத்துவமனையில் இருந்தது ஒரே ஒரு மைக்ரோஸ்கோப். சளியை ஸ்லைடில் தடவிக் காயவைத்து, கார்பால் ஃபுக்சின் ஊற்றி, ஆவி வரும்வரை அடியில் சூடு காட்டி, ஆசிட்டால் நிறம் நீக்கி, மெத்திலீன் நீலம் ஊற்றுவோம். நீலப் பரப்பில் மெல்லிய சிவப்புக் குச்சிகள் தெரிந்தால் பாசிட்டிவ். லென்ஸில் ஒரு தடவைக்குத் தெரியும் வட்டம்தான் ஒரு ஃபீல்டு. அப்படி 100 ஃபீல்டு பார்க்காமல் நெகட்டிவ் என்று சொல்லக் கூடாது. காலையில் முதல் ஸ்லைடுக்கு இருக்கும் பொறுமை மாலையில் கடைசி ஸ்லைடுக்கு இருப்பதில்லை. அந்தக் கடைசி ஸ்லைடும் ஒருவருடையதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

ஒரு மில்லி சளியில் ஏறக்குறைய 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் இந்த முறையில் கண்ணில் படும். படிக்கும்போதே மனப்பாடம் செய்த கணக்கு இது. அதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது ஓர் இளம்பெண்ணால். அவருக்கு எச்ஐவி இருந்தது. விடாத காய்ச்சல், உடம்பு பாதியாக இளைத்திருந்தது. இரண்டு மாதிரியும் நெகட்டிவ். எச்ஐவி முற்றியவர்களுக்கு நுரையீரலில் குழி விழுவது குறைவு. சளியில் வெளிவரும் கிருமியும் குறைவு. கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, வேறு ஆய்வகத்துக்கு அனுப்பினோம். மில்லிக்கு நூறு கிருமிக்கும் குறைவாக இருந்தாலும் கல்ச்சர் பிடித்துவிடும், ஆனால் வளர வாரக்கணக்காகும். பாசிட்டிவ் என்று தாள் வந்த நாளில் அவர் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசிவரை தெரியவில்லை.

கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் கருவியை உலக சுகாதார நிறுவனம் 2010 டிசம்பரில் பரிந்துரைத்தது. எங்களிடம் அது வந்து சேரச் சில ஆண்டுகள் ஆயின. சுமார் 2 மணி நேரத்தில் பதில். மில்லிக்கு 130 கிருமி அளவிலேயே பிடிக்கும். ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் சேர்த்தே சொல்லும். ஆனால் நடுவில் கரண்ட் போனால் மாதிரியை ஊற்றும் ஒரு கார்ட்ரிட்ஜ் வீண். அறை சூடானால் எரர். கார்ட்ரிட்ஜைச் செருகும் ஒரு மாட்யூல் பழுதானால் சரிசெய்ய ஆள் வரும்வரை மாதிரிகள் தேங்கும். பேட்டரியில் ஓடும் ட்ரூநாட் என்ற இன்னொரு மரபணுக் கருவியை 2020-இல் பரிந்துரைத்தபோது, எங்களைப் போன்ற லேப்பை நினைத்துச் செய்தார்கள் என்று மனதாரச் சந்தோஷப்பட்டேன்.

இவ்வளவு வந்த பிறகும் மைக்ரோஸ்கோப்பை நான் மூடி வைக்கவில்லை. மரபணுச் சோதனை செத்த கிருமியையும் காட்டிவிடும். அதனால் சிகிச்சை பலன் தருகிறதா என்று பார்க்க ஸ்லைடும் கல்ச்சரும்தான் வேண்டும். சரி, எந்தச் சோதனையாக இருந்தாலும் டப்பாவில் வருவது எச்சிலாக இருந்தால் என்ன செய்வது? ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை நான் இப்போது யாருக்கும் மிச்சம் பிடிப்பதில்லை.

எச்ஐவி உள்ளவர்களுக்குக் காசநோய் இருக்கிறதா என்று சிறுநீரில் பார்க்கும் லாம் சோதனை இருக்கிறது. ஒரு பட்டை, 25 நிமிடம், மிஷின் வேண்டாம். எல்லாரையும் பிடிக்காது, உடல்நிலை மோசமானவர்களிடம்தான் அதிகம் பிடிக்கும். அந்தப் பெண் வந்த நாளில் அது எங்கள் அலமாரியில் இல்லை.

அப்புறம், இப்போதெல்லாம் ஸ்லைடில் ஒன்றும் தெரியாவிட்டால் 'நெகட்டிவ்' என்று மட்டும் எழுதி அனுப்புவதில்லை. 'இந்த மாதிரியில் கிருமி காணப்படவில்லை' என்று எழுதிவிட்டு, டாக்டரிடம் நேரில் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருகிறேன்.