அப்பாவின் அடக்கம்: சொந்தங்கள் சொன்னதும் பங்குத்தந்தை சொன்னதும்

சாவு விழுந்த வீட்டில் ஆளுக்கொரு சட்டம் சொல்வார்கள். "கோயிலுக்கே போகாத ஆளுக்கு எப்படிப் பூசை வைப்பார்கள்", "எரித்தால் சபை ஏற்காது", "பூசை இல்லாமல் எடுத்தால் ஆன்மா என்ன ஆகும்" என்று எங்கள் வீட்டிலும் பேச்சு வந்தது. பேசியவர்கள் எல்லாரும் அப்பாமேல் உயிரையே வைத்திருந்தவர்கள்தான், ஆனால் அவர்கள் சொன்னதில் பெரும்பகுதி எங்கள் கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டத்தில் கிடையாது. அதே சமயம், இதற்கென்ன தடை இருக்கப்போகிறது என்று நாங்கள் நினைத்த ஒரு விஷயத்துக்குக் கண்டிப்பான தடை இருந்தது. யாரிடம் எதைக் கேட்டோம், என்ன பதில் வந்தது என்பதை எழுதி வைக்கிறேன். இந்த நிலைமையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு உட்கார்ந்து தேடிப் படிக்க நேரம் இருக்காது.

முதல் சண்டை அப்பா உயிரோடு இருக்கும்போதே வந்துவிட்டது. மருத்துவர்கள் கையை விரித்த பிறகு நான் பங்குத்தந்தையைக் கூப்பிடலாம் என்றேன். அத்தை ஒரே பிடியாகக் கூடாது என்றார். "அவஸ்தை பூசினால் இனி பிழைக்க மாட்டோம் என்று அண்ணனுக்குத் தெரிந்துவிடும்." அவஸ்தை பூசுதல் என்பது குரு நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் சடங்கு, அத்தையின் தலைமுறைக்கு அது சாகப்போகிறவருக்குக் கடைசியாகச் செய்வது. உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் அதை மாற்றிச் சொல்லி, 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் சடங்கையே புதுப்பித்துவிட்டார். நோயாலோ முதுமையாலோ உயிருக்கு ஆபத்து வரத் தொடங்கும்போதே நோயில்பூசுதல் (அவஸ்தை பூசுதலின் இப்போதைய பெயர்) பெறலாம், தேறி மறுபடி விழுந்தால் மறுபடியும் பெறலாம், அதே நோய் முற்றினாலும் பெறலாம். இதை ஃபாதரே அத்தையிடம் போனில் சொன்ன பிறகுதான் சம்மதித்தார்.

ஃபாதர் வந்ததும் எங்களை வெளியே போகச் சொல்லிவிட்டு அப்பாவோடு கொஞ்ச நேரம் தனியாக இருந்தார், அது பாவசங்கீர்த்தனத்துக்காக, அதாவது பாவங்களைக் குருவிடம் சொல்லி மன்னிப்பு பெறுவதற்காக. அப்புறம் கூப்பிட்டார். நெற்றியிலும் இரண்டு உள்ளங்கையிலும் எண்ணெய் பூசினார். அப்பாவின் வலது கை ஊசி போட்டுப் போட்டு வீங்கியிருந்தது, விரலை மடக்கினால் விரிக்க முடியாது. ஃபாதர் அவசரமே படாமல் விரலை ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்துப் பூசினார். அதன் பிறகு நற்கருணையில், அதாவது பூசையில் அர்ச்சிக்கப்பட்ட அப்பத்தில், சின்னத் துணுக்கு ஒன்றை ஸ்பூன் தண்ணீரோடு கொடுத்தார். சாகும் தறுவாயில் கொடுக்கும் இந்த நற்கருணைக்கு வழியுணவு என்று பெயர். அப்பா பயப்படவில்லை. அன்று இரவு நன்றாகத் தூங்கினார்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். உயிர் போன பிறகு குருவைக் கூப்பிட்டு எண்ணெய் பூசச் சொன்னால் அவர் பூச மாட்டார், ஏனென்றால் நோயில்பூசுதல் போன்ற அருளடையாளங்கள் உயிரோடு இருக்கிறவர்களுக்குத்தான். உயிர் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் இருந்தால் மட்டும் பூசலாம். இல்லாவிட்டால் இறந்தவருக்கான செபத்தைச் சொல்வார், அதுவும் பெரிய ஆறுதல்தான். ஆனாலும் கடைசி நிமிடம் வரை காத்திருக்காதீர்கள். அப்பாவுக்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே நடந்ததால்தான் அவரே வாய் திறந்து ஆமென் சொல்ல முடிந்தது.

அப்பா இறந்தது ஒரு வெள்ளிக்கிழமை இரவு, உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய தவக்காலம். இறப்பை உறுதிசெய்து மருத்துவர் எழுதித் தந்த தாளை வாங்கிக்கொண்டு, விடிந்ததும் நானும் சித்தப்பாவும் பங்கு அலுவலகத்துக்குப் போனோம். பங்கில் கொடுத்த குடும்ப அட்டை இருந்தால் கொண்டுவரச் சொன்னார்கள். அப்பா எந்தப் பங்கைச் சேர்ந்தவர், எங்கே திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்றார், திருமணம் எங்கே, கடைசியாக அருளடையாளங்கள் பெற்றாரா, அடக்கம் எங்கே, இவ்வளவுதான் கேட்டார்கள். பொதுவாக அவரவர் பங்குக் கோயிலில்தான் அடக்கச் சடங்கு. வேறு கோயிலில் வைக்க விரும்பினால் அதுவும் முடியும், அந்தக் கோயில் குருவின் சம்மதம் வேண்டும், சொந்தப் பங்குத்தந்தைக்கும் தெரியப்படுத்த வேண்டும்.

சித்தப்பா மென்று விழுங்கி விஷயத்துக்கு வந்தார். அம்மா போன பிறகு அப்பா பூசைக்குப் போவதையே நிறுத்திவிட்டார். கோபமோ மறுப்போ எதுவும் இல்லை, வெறுமனே போகவில்லை. பல வருடம். அப்படிப்பட்டவருக்குக் கோயிலில் இடம் கிடைக்குமா என்பதுதான் சித்தப்பாவின் பயம். ஃபாதர் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது: "ஐயா, அவர் எங்களை விட்டுப் போனதாக எங்களுக்கு ஒருநாளும் சொல்லவில்லையே." திருச்சபைச் சட்டம் அடக்கச் சடங்கை மறுக்கச் சொல்வது வெகு சிலருக்குத்தான். விசுவாசத்தை வெளிப்படையாக உதறியவர்கள், கிறிஸ்தவ விசுவாசத்துக்கு எதிரான காரணத்துக்காகத் தங்கள் உடலை எரிக்கச் சொன்னவர்கள், ஊரறிந்த பாவ வாழ்க்கையால் மற்றவர்களுக்கு இடறலாக இருந்தவர்கள். அவர்களும் சாவதற்குமுன் மனம் திரும்பிய அடையாளம் ஏதாவது காட்டியிருந்தால் மறுக்கக் கூடாது. பூசைக்குப் போகாதது இந்தப் பட்டியலிலேயே இல்லை. தற்கொலை செய்துகொண்டவர்களுக்கும் இப்போதைய சட்டத்தில் அப்படி ஒரு தடை கிடையாது, இதைத் தெரியாமல் எத்தனையோ குடும்பங்கள் கோயில் வாசலுக்கே போகாமல் ஒதுங்கி நிற்கின்றன, அதை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை.

அடுத்தது நாள் குறிப்பது. அண்ணன் வெளிநாட்டிலிருந்து ஞாயிறு காலை வந்து சேர்வான், அதனால் ஞாயிறு மாலை என்று நாங்களே முடிவு செய்து சொந்தத்துக்கெல்லாம் சொல்லவும் ஆரம்பித்திருந்தோம். ஃபாதர் முடியாது என்று தலையை ஆட்டினார். தவக்கால ஞாயிறுகளில் அடக்கத் திருப்பலி, அதாவது அடக்கப் பூசை, வைக்க முடியாது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் கால ஞாயிறு, உயிர்ப்புக்குப் பிந்தைய பாஸ்கா கால ஞாயிறு, பெரிய வியாழன் தொடங்கி உயிர்ப்பு ஞாயிறு வரை, எல்லாரும் பூசைக்குப் போக வேண்டிய கடன் திருநாள்களான பெருவிழாக்கள், இந்த நாள்களிலும் முடியாது. அடக்கமே முடியாது என்று அர்த்தம் இல்லை. கோயிலில் வைத்து வாசகம், மறையுரை, செபம் எல்லாம் செய்து வழியனுப்பலாம், திருப்பலியை வேறொரு நாள் ஒப்புக்கொடுக்கலாம். ஆன்மாவுக்கு ஏதாவது குறையுமா என்று அத்தை நேரடியாகவே கேட்டார். குறையாது என்று ஃபாதர் உறுதியாகச் சொன்னார். இருந்தாலும் அத்தையின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திங்கள்கிழமை திருப்பலியோடு வைத்துக்கொண்டோம். தவக்கால வார நாள்களில் தடை இல்லை.

இப்போது பெரிய பிரச்சினைக்கு வருகிறேன். தன்னை எரித்து, சாம்பலை அம்மாவின் கல்லறையில் வைக்க வேண்டும் என்று அப்பா எப்போதோ சொல்லியிருந்தார். அந்தக் கல்லறையில் இன்னொரு பெட்டிக்கு இடம் இல்லை, அவ்வளவுதான் காரணம். சித்தப்பா கொதித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. 1886இல் ரோமை உடல் எரிப்பைத் தடை செய்தது, அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் உயிர்ப்பை மறுக்கிறோம் என்று காட்டுவதற்காகவே சிலர் எரிக்கச் சொன்னார்கள் என்பது பின்னணி. 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பிலும் அந்தத் தடை இருந்தது. 1963இல் தளர்த்தினார்கள். 1983 சட்டத் தொகுப்பு, புதைப்பதையே ஆர்வமாகப் பரிந்துரைக்கிறோம், ஆனால் கிறிஸ்தவப் போதனைக்கு எதிரான காரணத்துக்காக இல்லையென்றால் எரிப்பதைத் தடுக்கவில்லை என்கிறது. சித்தப்பா சிறுவயதில் உபதேசியாரிடம் படித்தது பழைய சட்டம். சட்டம் மாறியதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

சரி, அது தீர்ந்தது என்று மூச்சு விட்டபோது அண்ணன் போனில் ஒரு யோசனை சொன்னான். அப்பாவுக்குக் கடல் என்றால் கொள்ளை ஆசை, கொஞ்சம் சாம்பலைக் கடலில் கரைப்போம், கொஞ்சத்தை வீட்டில் வைத்துக்கொள்வோம் என்று. இதற்குத்தான் ஃபாதர் முடியாது என்றார். 2016இல் வத்திக்கான் வெளியிட்ட அறிவுறுத்தல் இதில் தெளிவாக இருக்கிறது: சாம்பலைக் காற்றிலோ நீரிலோ நிலத்திலோ தூவக் கூடாது, பங்கு போடக் கூடாது, வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது, கல்லறைத் தோட்டம் மாதிரி அர்ச்சிக்கப்பட்ட இடத்தில் வைக்க வேண்டும். 2023 டிசம்பரில் வந்த விளக்கத்தில், மிகச் சிறிய பகுதியை மட்டும் இறந்தவரின் வாழ்வில் முக்கியமான ஓர் இடத்தில் வைக்கக் குடும்பம் கேட்டால் திருச்சபை அதிகாரிகள் பரிசீலிக்கலாம் என்று இருக்கிறது, அதற்கும் நிபந்தனைகள் உண்டு. எங்களுக்கு அது வேண்டாம் என்று தோன்றியது. ஃபாதர் அண்ணனுக்குச் சொன்ன காரணம் எனக்குப் பிடித்திருந்தது. கல்லறை குடும்பத்துக்கு மட்டும் சொந்தமானது இல்லை, அப்பாவை அறிந்த யார் வேண்டுமானாலும், நம்மிடம் அனுமதி கேட்காமல் வந்து ஒரு செபம் சொல்லிவிட்டுப் போக அது வேண்டும். அண்ணன் மனசுக்குள் ஒத்துக்கொண்டானா தெரியாது, பேச்சை விட்டுவிட்டான்.

இரண்டு இரவும் வீட்டில் செபமாலை. வந்தவர்களில் பாதிப்பேர் கத்தோலிக்கர் இல்லை, அவர்களும் உட்கார்ந்து கேட்டார்கள். அப்பாவைப் பற்றி மனம்விட்டுப் பேச இந்த நேரம்தான் சரி என்று ஃபாதர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். திருப்பலியில் மறையுரை இறந்தவரின் புகழுரையாக இருக்கக் கூடாது என்பது விதி. கிறிஸ்துவின் உயிர்ப்பைப் பற்றித்தான் பேச வேண்டும். கடைசியில் குடும்பத்தில் ஒருவர் சுருக்கமாக நினைவுகூர அனுமதித்தார், அண்ணன் எழுதிவைத்துப் படித்தான்.

வாசகங்களை நாங்களே தேர்ந்தெடுக்கலாம் என்பது எனக்கு அதுவரை தெரியாது. சாலமோனின் ஞானம் 3ஆம் அதிகாரம், திருப்பாடல் 23, உரோமையர் 8, நற்செய்திக்கு யோவான் 11. தம்பி இறந்த துக்கத்தில் மார்த்தா இயேசுவிடமே முறையிடும் பகுதி அது. அத்தை அதைத்தான் கேட்டார். வாசிக்கிறவர்களை முதல் நாளே கோயிலுக்கு அழைத்துப்போய் ஒலிவாங்கியில் ஒருமுறை வாசிக்கச் சொன்னோம், துக்கத்தில் குரல் உடைந்தால் எடுத்துக்கொள்ள இன்னொருவரையும் தயாராக வைத்தோம், அவர் தேவைப்பட்டார். அப்பாவுக்குப் பிடித்த பாட்டில் அல்லேலூயா வரும், தவக்காலம் என்பதால் அடக்கத்திலும் அதைப் பாட முடியாது என்று பாடகர் குழுவில் சொன்னார்கள். வேறு பாட்டு எடுத்தோம்.

கோயில் வாசலில் ஃபாதர் பெட்டியின்மேல் தீர்த்தம் தெளித்து உள்ளே அழைத்துப்போனார், திருமுழுக்கின் நினைவாக. பெட்டியைப் பீடத்துக்கு முன், கால் பீடத்தின் பக்கம் வருகிற மாதிரி வைத்தார்கள். உயிரோடு இருந்தபோது பீடத்தைப் பார்த்து எப்படி நின்றாரோ அதே மாதிரி. குருவானவர் இறந்தால் திருப்பி வைப்பது வழக்கம், மக்களைப் பார்த்து. பக்கத்தில் உயிர்த்த கிறிஸ்துவின் அடையாளமான பாஸ்கா திரி எரிந்தது. கடைசியில் பெட்டியைச் சுற்றிவந்து தீர்த்தமும் தூபமும் காட்டியபோது சித்தப்பா, எரிப்பதற்கு அவ்வளவு சண்டை போட்டவர், முழங்காலில் இருந்து எழவே இல்லை.

தகனம் அன்றே முடிந்தது. சாம்பல் அடக்கம் சில நாள் கழித்து. அதற்கும் ஃபாதர் வந்தார், செபம் சொல்லிக் கல்லறையை மந்திரித்தார், "நித்திய இளைப்பாற்றியை" என்ற இறந்தோருக்கான செபத்தைச் சொல்லி அம்மாவின் பெட்டிக்கு மேலே கலசத்தை வைத்து மூடினோம்.

அலுவலக வேலை இரண்டு மிச்சம் இருந்தது. பங்கின் இறப்புப் பதிவேட்டில் பெயர் ஏறியதா என்று நேரில் பார்த்து, அம்மாவின் பெயரும் சேர்ந்து வருகிற மாதிரி திருமண விவரத்தைச் சரிபார்த்தேன். அடுத்தது திருப்பலிக் கருத்துகள், அதாவது அப்பாவுக்காக என்று சொல்லித் திருப்பலி ஒப்புக்கொடுக்கக் கேட்பது. 7ஆம் நாள், 30ஆம் நாள், ஆண்டு நினைவு என்று வைப்பது பழைய வழக்கம், கட்டாயம் இல்லை. காணிக்கை கொடுக்க முடியாதவர்கள் தயங்க வேண்டாம். காணிக்கை வராவிட்டாலும் விசுவாசிகளின், குறிப்பாக ஏழைகளின், கருத்துக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கும்படி சட்டமே குருக்களைக் கேட்டுக்கொள்கிறது. நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைத் தோட்டத்துக்குப் போய் இறந்தோருக்காகச் செபித்தால், பாவசங்கீர்த்தனம், நற்கருணை, திருத்தந்தையின் கருத்துக்கான செபம் ஆகிய வழக்கமான நிபந்தனைகளோடு, அவர்களுக்காக நிறைவான பலன், அதாவது பாவத்துக்கான தண்டனையிலிருந்து முழு விடுதலை, பெற்றுக்கொடுக்கலாம். ஒருவர் ஒரு நாளைக்கு இறந்த ஒருவருக்குத்தான் பெற்றுக்கொடுக்க முடியும். அதனால் அத்தையும் சித்தப்பாவும் நானும் நாளைப் பிரித்து எழுதி வைத்திருக்கிறோம், இறந்தோர் நினைவு நாளான நவம்பர் 2ஆம் தேதியை அத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.